ஊகித்து விளையாடும் படப் புத்தகங்கள்: விடையை எங்கே வைப்பது, எப்போது திறப்பது?

ஏடுவிரி:

இரண்டு முதல் நான்கு வயது வரை உள்ள குழந்தைகளுக்காக ஒரு படப் புத்தகம் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் ஏதாவது ஒரு விலங்கின் சிறு பகுதி மட்டும் தெரியும். 'நான் யார்?' என்று அது கேட்கும். அடுத்த பக்கத்தில் முழு உருவம். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. விளையாட்டுதான் புத்தகம்.

மூன்று இடங்களில் தடுமாறி நிற்கிறேன். விடையை மறைக்கப் பக்கம் திருப்புவதே போதுமா, துளை வெட்டவேண்டுமா, தூக்கிப் பார்க்கும் மடல் ஒட்டவேண்டுமா? அடுத்து, புதிர் எவ்வளவு கடினமாக இருக்கலாம்? கண்டுபிடிக்க முடியாவிட்டால் குழந்தை புத்தகத்தை மூடிவிடுமோ என்றும் அஞ்சுகிறேன், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டால் விளையாட்டே இல்லாமல் போகுமே என்றும் அஞ்சுகிறேன். மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் அலைக்கழிக்கிறது. ஒரு முறை படித்தால் எல்லா விடைகளும் தெரிந்துவிடும். மறுநாள் அந்தக் குழந்தை இதை ஏன் கையில் எடுக்கவேண்டும்?

படம் வரைகிறவர்கள், அச்சுத் துறையினர், நாள் முழுக்கக் குழந்தைகளோடு இருப்பவர்கள் என்று பலரும் இங்கே இருக்கிறீர்கள். விரிவாகவே எழுதுங்கள்.

அச்சுமை:

முதல் கேள்விக்கு அச்சுப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். வரையத் தொடங்குவதற்கு முன்பே பக்கக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டுவதால் படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் வந்து நிற்கின்றன. தலைப்பு, உரிமைப் பக்கம் போக மிச்சம் இருப்பதில்தான் உங்கள் விளையாட்டு நடக்கவேண்டும்.

இதில் இரண்டு வழிகள் உண்டு. வலப்பக்கத்தில் கேள்வி, திருப்பியதும் இடப்பக்கத்தில் விடை, அதற்கு எதிரிலேயே அடுத்த கேள்வி என்று வைத்தால் 3ஆம் பக்கத்தில் தொடங்கி 15 புதிர்கள் வரை அடுக்கலாம். கேள்விக்கு விரிந்த இரு பக்கம், விடைக்கு விரிந்த இரு பக்கம் என்று தாராளமாகக் கொடுத்தால் 7 புதிர்கள்தான் கிடைக்கும். புதியவர்கள் 15ஐப் பார்த்து மயங்குவார்கள். எதிரெதிரே இரண்டும் இருக்கும்போது குழந்தையின் கண் விடையில் தங்காது, அடுத்த கேள்விக்கு ஓடிவிடும். கண்டுபிடித்த மகிழ்ச்சியை முழுதாக அனுபவிக்க இடமே இருக்காது. நான் 7க்குத்தான் வாக்களிப்பேன்.

கேள்வியை ஒருபோதும் இடப்பக்கத்திலும் அதன் விடையை வலப்பக்கத்திலும் வைக்காதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டுவிடும். இதைச் சொல்லவேண்டுமா என்று தோன்றலாம், ஆனால் கடைசி நேரத்தில் ஒரு பக்கத்தைச் சேர்த்தாலோ எடுத்தாலோ அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே இடம் மாறிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், தாளின் ஊடுதெரிவு. தாள் மெல்லியதாக இருந்து, பின்பக்கத்தில் அடர்த்தியான கறுப்பில் யானை நின்றால், முன்பக்கத்திலேயே அதன் நிழல் தெரியும். பெரியவர்கள் கவனிக்கமாட்டார்கள், குழந்தைகள் கட்டாயம் கவனிப்பார்கள். தாளின் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை, அதை மட்டும் பார்த்தால் போதாது. ஒரே எடையில் ஊடுதெரிகிற தாளும் உண்டு, தெரியாத தாளும் உண்டு. மாதிரித் தாளில் கறுப்பை அச்சடித்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

தூரிகைநுனி:

துளை பற்றி நான் சொல்கிறேன். வெட்டிய தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முன்னிருந்து பார்க்கும்போது துளை வழியே அடுத்த படத்தின் ஒரு பகுதி தெரியும். தாளைத் திருப்பியபின் அதே துளை இடப்பக்கத்தில் வந்துவிடும், அதன் வழியே முந்தைய பக்கம் தெரியும். அங்கே வெறும் வெள்ளை தெரிந்தால் ஓட்டை ஓட்டையாகவே கிடக்கும். அங்கேயும் ஒரு பொருள் அமையவேண்டும். முன்னால் ஆந்தையின் கண்ணாக இருந்த வட்டம் பின்னால் நிலாவாக மாறுகிறது என்றால் தாளை வெட்டியதற்குப் பயன் உண்டு.

இந்த வகையில் டானா ஹோபன் 1971இல் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் புகைப்படப் புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சதுரத் துளை, அதன் வழியே ஏதோ ஒன்றின் துணுக்கு. திருப்பினால் முழுப் பொருள். இன்னொரு முறை திருப்பினால் அந்தப் பொருள் இயல்பாக இருக்கும் சூழல். விடை தெரிந்ததோடு முடித்துவிடாமல், மூன்றாவது படி ஒன்றை வைத்தாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். விடை சொல்லியாகிவிட்டது, ஆனாலும் பார்க்க இன்னும் இருக்கிறது.

கடினம் பற்றி. எந்தத் துணுக்கைக் காட்டுகிறீர்கள் என்பதுதான் எல்லாம். யானையின் தும்பிக்கையைக் காட்டினால் அது புதிரே அல்ல, பெயர் சொல்லும் பயிற்சி. யானைத் தோலின் சுருக்கத்தை மட்டும் காட்டினால் பெரியவருக்கே தெரியாது. இரண்டுக்கும் நடுவே, குறைந்தது மூன்று நியாயமான விடைகள் தோன்றும் துணுக்கைத் தேடுங்கள். ஒரு சுருள் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நத்தையின் ஓடாக இருக்கலாம், சுற்றிவைத்த கயிறாக இருக்கலாம், சுருண்டு படுத்த பாம்பாகவும் இருக்கலாம். மூன்றில் எதைச் சொன்னாலும் அந்தக் குழந்தை நன்றாகப் பார்த்திருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு விடைதான் பொருந்தும் என்றால் அது தேர்வுத்தாள். எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்றால் அது வெறும் மூட்டம்.

அதே துணுக்கில் ஒரு சிறு துப்பும் ஒளிந்திருக்கவேண்டும். சுருளின் ஓரத்தில் ஈரம் மினுங்குகிறது, கீழே ஓர் இலையின் விளிம்பு தெரிகிறது. முதல் முறை யாரும் பார்க்கமாட்டார்கள். விடை தெரிந்தபின் குழந்தையே முன்பக்கத்துக்குத் திரும்பிப் போய் 'இலை இருந்ததே!' என்று விரல் வைக்கும். பின்னோக்கித் திருப்ப வைக்கிற புத்தகம்தான் என் கண்ணில் நல்ல புதிர்ப் புத்தகம்.

மழலைக்கூடம்:

தூரிகைநுனி சொன்ன மூன்று விடைக் கணக்கை வழிமொழிகிறேன். நான் மழலையர் வகுப்பு எடுப்பவள். புத்தகத்தை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், கையில் வைத்திருக்கும் பெரியவர் அவசரப்பட்டால் அத்தனையும் வீண். 'நான் யார்?' என்று கேட்டுவிட்டு மூச்சுவிடுவதற்குள் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். குழந்தை வாயைத் திறந்துகொண்டிருக்கும், அதற்குள் விடை வந்து நிற்கும்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் பள்ளி வகுப்பறைகளில் கவனித்து எழுதியது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சுமார் ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் இருந்தவர்கள் குறைந்தார்கள். அவர் பார்த்தது பள்ளி மாணவர்களை. இரண்டு வயதுக் குழந்தைக்குச் சொல்லைத் தேடி எடுக்க இன்னும் நேரம் பிடிக்கும் என்பது என் அனுபவம். ஆகவே அந்த இடைவெளியைப் புத்தகமே உண்டாக்கித் தரவேண்டும். கேள்விப் பக்கத்தில் செய்வதற்கு ஏதாவது இருக்கட்டும். 'விரலால் தடவிப் பார்', 'இதைப் போல நடந்து காட்டு' என்று ஒரு வரி. அந்தச் செயல் முடிவதற்குள் மூளை விடையைத் தேடிவிடும், பெரியவரின் கையும் சும்மா இருக்கும்.

விடைப் பக்கத்தில் தயவுசெய்து 'சரி' என்றோ 'தவறு' என்றோ ஒரு சொல்லும் வேண்டாம். பாம்பு என்று சொன்ன பிள்ளைக்கு நத்தை வந்தால் அது தோல்வி அல்ல, வியப்பு. 'பாம்பு இல்லை' என்று அச்சில் இருந்தால் பெரியவர் அதை உரக்கப் படிப்பார், குழந்தையின் முகம் வாடும்.

சொல்விளை:

நான் பேச்சுப் பயிற்சியாளர். மடல் பற்றிய முதல் கேள்விக்கு ஆய்வுகள் சொல்வது கொஞ்சம் கசப்பாக இருக்கும். சிந்தியா சியாங், ஜூடி டிலோச் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இழுத்து, திறந்து பார்க்கும் அமைப்புகள் கொண்ட எழுத்துப் புத்தகத்தைவிட, அவை இல்லாத எளிய புத்தகத்திலிருந்தே சிறு குழந்தைகள் எழுத்துகளை அதிகம் கற்றார்கள். அதற்கு முன் 2010இல் டிலோச் உள்ளிட்ட குழு எழுந்து நிற்கும் படங்கள் கொண்ட புத்தகங்களை ஆராய்ந்தபோதும் இதே போக்குதான் தெரிந்தது. கை விளையாட்டில் மூழ்கும்போது படம் எதைக் குறிக்கிறது என்பதில் கவனம் குறைகிறது.

ஒன்பது மாதக் குழந்தை படத்தில் உள்ள பொருளைப் பிடித்துத் தூக்கப் பார்க்கும், தாளைச் சுரண்டும். பத்தொன்பது மாதத்துக்குள் அதை விட்டுவிட்டுச் சுட்டிக்காட்டத் தொடங்கும். இதுவும் டிலோச் குழு 1998இல் காட்டியதுதான். படம் என்பது வேறொன்றைக் குறிக்கிறது என்ற அந்த அறிவு அரும்பும் காலத்தில், படத்தையே ஒரு பொம்மையாக ஆக்கிவிட்டால் அது பின்னோக்கி இழுக்கும். எனவே பக்கம் திருப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன்.

வாசிக்கும் முறைக்கு மழலைக்கூடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் உரையாடல் வாசிப்பு என்ற முறை பரவியது. நான்கே வாரங்கள் பெற்றோர் வாசிக்கும் விதத்தை மாற்றியதில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பேச்சு வெளிப்பாட்டில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. பெரியவர் கேள்வியால் தூண்டுகிறார், குழந்தை சொன்னதைக் காதில் வாங்குகிறார், அதை ஒரு படி விரித்துச் சொல்கிறார், குழந்தையைத் திரும்பச் சொல்லவைக்கிறார். 'பூ' என்று குழந்தை சொன்னால், 'ஆமாம், பூப்போல விரிந்திருக்கிறது, ஆனால் நடுவில் கண் இருக்கிறதே' என்று நீட்டுவது. ஊகப் புத்தகம் இதற்கென்றே பிறந்தது போன்றது. மற்ற கதைகளில் கேள்வியை நாம் புகுத்தவேண்டும், இங்கே கேள்விதான் பக்கமே.

இருபிள்ளையம்மா:

சொல்விளை அவர்களுடைய கருத்தை மதிக்கிறேன், ஆனால் மடலை அவ்வளவு எளிதில் ஒதுக்குவதை ஏற்கமாட்டேன். எழுத்துப் புத்தகத்தில் மடலுக்கும் எழுத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஓர் எழுத்தின் வடிவத்தை அறிவதற்கும் கதவைத் திறப்பதற்கும் என்ன உறவு? அங்கே மடல் கவனத்தைத் திருடுகிறது என்பது சரி. ஒளிந்து விளையாடும் புத்தகத்தில் மடல்தான் கவனம் போகவேண்டிய இடம். கட்டிலுக்கு அடியில் யார் என்று கேட்டால், கட்டிலின் விரிப்பைத் தூக்கித்தானே பார்க்கவேண்டும்?

எரிக் ஹில் 1980இல் வெளியிட்ட, தாய் நாய் தன் குட்டியைத் தேடும் புத்தகத்தைப் பாருங்கள். கதவுக்குப் பின்னால், கடிகாரத்துக்குள், பெட்டிக்குள் என்று ஒவ்வொரு மடலாகத் தூக்குகிறோம். ஒவ்வொன்றிலும் வேறொரு விலங்கு இருந்துகொண்டு 'இல்லை' என்கிறது. ஊகம் பொய்த்தாலும் கை வெறுமையாகத் திரும்புவதில்லை, ஒரு கரடி கிடைக்கிறது, ஒரு பாம்பு கிடைக்கிறது. தவறான விடையைத் தண்டனை இல்லாமல் சொல்ல அதைவிட அழகான வழியை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். என் இளையவன் பேசத் தாமதமானவன். அவனால் 'நத்தை' என்று சொல்ல முடியாது, ஆனால் மடலைத் தூக்க முடியும். வாயால் ஊகிக்க முடியாத பிள்ளைக்கு விரலால் ஊகிக்க ஒரு வழி வேண்டும். பக்கம் திருப்புவது பெரும்பாலும் பெரியவரின் வேலையாகிவிடுகிறது. மடல் பிள்ளையின் கையில் இருக்கிறது. எப்போது திறப்பது என்பதை அவன் முடிவு செய்கிறான்.

சொல்விளை:

இருபிள்ளையம்மா, உங்கள் வாதம் வலுவானது. மடலும் கேள்வியும் ஒன்றாக இருக்கும் இடத்தில் அந்த ஆய்வுகளை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். பேசாத பிள்ளைக்கு விரலே குரல் என்பதையும் தினமும் பார்க்கிறேன். என் தயக்கம் அலங்காரத்துக்காக ஒட்டப்படும் மடல்கள் மீதுதான். ஏடுவிரியின் புத்தகத்தில் விலங்கு எதன் பின்னாலும் ஒளிந்திருக்கவில்லை. அதன் ஒரு பகுதியை நெருங்கிப் பார்க்கிறோம், பிறகு விலகி நின்று முழுதாகப் பார்க்கிறோம். அதற்கு மடல் பொருந்தாது என்றே இப்போதும் நினைக்கிறேன். அவர் 'எங்கே இருக்கிறேன்?' என்று கேட்டிருந்தால் நானே மடல் ஒட்டச் சொல்லியிருப்பேன்.

அச்சுமை:

தகவலுக்காக: மடல் குழந்தைகளுக்காகத் தோன்றிய உத்தி அல்ல. 16ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றுப் படங்களில் மார்பைத் தூக்கினால் நுரையீரல், அதைத் தூக்கினால் இதயம் என்று அடுக்கடுக்காக ஒட்டியிருந்தார்கள். 1760களில் லண்டனில் ராபர்ட் சேயர் என்ற பதிப்பாளர் மேலும் கீழும் திருப்பும் மடல்களால் கதை சொல்லும் தாள்களைச் சிறுவர்களுக்காக விற்றார். உள்ளே இருப்பதை அறியும் ஆசை எல்லா வயதுக்கும் உரியது.

மடல் வைப்பதானால் ஒன்று. வெட்டிய தாளை மேலே ஒட்டினால் அது முதல் வாரமே கிழியும். பக்கத்தோடு சேர்ந்த தாளிலேயே மூன்று பக்கம் வெட்டி, பின்னால் இன்னொரு தாளை ஒட்டும் முறை உறுதியானது. மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு என்று சொல்லி விற்பதானால் சிறு பாகங்கள் பற்றிய விதிகளையும் பார்க்கவேண்டும். அமெரிக்க விதிப்படி, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தப் பாகமும் மூச்சடைப்பு அபாயம் உள்ளது. பிய்த்து வாயில் போடக்கூடிய சிறு பொத்தான், சிறு கண் எதையும் ஒட்டாதீர்கள். அட்டைப் புத்தகமானால் மூலைகளை வட்டமாக வெட்டச் சொல்லுங்கள்.

ஏடுவிரி:

அனைவருக்கும் நன்றி. மடல் வேண்டாம் என்ற பக்கம் சாய்ந்திருக்கிறேன். ஆனால் 'ஊகம் பொய்த்தாலும் கை வெறுமையாகத் திரும்பக் கூடாது' என்பதை எடுத்துக்கொள்கிறேன். விடைப் பக்கத்தில் நத்தையோடு கயிற்றையும் பாம்பையும் பின்னணியில் எங்காவது வரைந்துவிட்டால் என்ன? பாம்பு என்று சொன்ன பிள்ளைக்கு அதன் பாம்பும் அங்கே இருக்கும்.

மூன்றாவது கேள்வியை யாரும் இன்னும் முழுதாகத் தொடவில்லை. விடை தெரிந்தபின் என்ன?

தூரிகைநுனி:

பின்னணியில் பாம்பு! இதை உடனே செய்யுங்கள். ஆனால் பாம்பு பெரிதாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நத்தைதான் பக்கத்தின் நாயகன்.

மழலைக்கூடம்:

ஏடுவிரி, உங்கள் மூன்றாவது கேள்வி பெரியவர்களின் கவலை. நமக்குத்தான் விடை தெரிந்த புதிர் செத்த புதிர். மூன்று வயதுக் குழந்தைக்கு விடை தெரிந்தபிறகுதான் விளையாட்டே தொடங்குகிறது. முதல் முறை அது தேடுகிறது. அடுத்தடுத்த முறைகளில் அது காத்திருக்கிறது. வரப்போவது என்ன என்று தனக்குத் தெரியும், அது வருகிறதா என்று பார்க்கிறது, வந்ததும் பூரிக்கிறது. அதன் பிறகு ஒரு நாள் புத்தகத்தை நம் கையிலிருந்து பிடுங்கி, நம்மைப் பார்த்து 'யார் சொல்லுங்கள்?' என்று கேட்கிறது. அந்த இடம் வரும்போது அந்தப் புத்தகம் அதனுடையதாகிவிட்டது என்று நான் தெரிந்துகொள்வேன். அப்போது நாம் தெரியாதவர்போல நடிக்கவேண்டும், வேண்டுமென்றே கயிறு, பாம்பு என்று சொல்லவேண்டும். 'இல்லை!' என்று சொல்லும் அதிகாரம் குழந்தைக்கு எவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாள் முழுக்கப் பெரியவர்கள்தானே இல்லை என்று சொல்கிறார்கள்.

சொல்விளை:

இதற்கு ஆய்விலும் துணை உண்டு. ஜெசிகா ஹார்ஸ்ட் குழுவினர் 2011இல், மூன்று வயதுக் குழந்தைகளுக்குப் புதிய சொற்கள் அடங்கிய கதைகளைப் படித்துக் காட்டினார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே கதை மீண்டும் மீண்டும், இன்னொரு பிரிவுக்கு வேறு வேறு கதைகள். புதிய சொற்கள் காதில் விழுந்த எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றுதான். ஒரே கதையைக் கேட்டவர்களே அந்தச் சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

மழலைக்கூடம் சொன்ன கேட்கும் பருவம் பற்றி ஒன்று. குழந்தை நம்மிடம் புதிர் போடும்போது விடையையும் சேர்த்தே சொல்லிவிடும். 'நான் யார், நத்தை!' என்று. பெற்றோர் சிரித்துத் திருத்துகிறார்கள், திருத்தவேண்டாம். மார்ஜரி டெய்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் புத்தகத்தை அப்படியே ஒத்தது. ஒரு படத்தைக் குழந்தைக்கு முழுதாகக் காட்டிவிட்டு, பிறகு அதன் சிறு துணுக்கு மட்டும் தெரியும்படி மூடிவிடுவார்கள். இப்போதுதான் வந்த ஒருவருக்கு இது என்ன என்று தெரியுமா என்று கேட்டால், நான்கு வயதுக் குழந்தைகள் பலரும் தெரியும் என்கிறார்கள். தனக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்ற புரிதல் ஆறு வயதை ஒட்டித்தான் உறுதிப்படுகிறது. ஆகவே உங்கள் புத்தகத்தை இரண்டு வயதில் தொடங்கும் குழந்தை, ஐந்தாறு வயதில் அதையே தன் தம்பிக்குப் புதிராகப் போடும்போது முற்றிலும் வேறொரு திறமையைப் பழகுகிறது. அட்டையில் 'நான்கு வயது வரை' என்று அச்சிட்டு அதைத் தடுத்துவிடாதீர்கள்.

பழஞ்சுவடி:

படங்கள் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், சொல்லையும் கொஞ்சம் கவனிப்போம். ஏடுவிரி ஒவ்வொரு கேள்விப் பக்கத்திலும் 'நான் யார்?' என்று மட்டும்தான் எழுதப்போகிறாரா? ஒரு வரி துப்பும் சேரவேண்டாமா?

தொல்காப்பியம் பிசியை, அதாவது விடுகதையை, இரண்டாகப் பிரிக்கிறது. 'ஒப்பொடு புணர்ந்த உவமம்' ஒன்று, 'தோன்றுவது கிளந்த துணிவு' மற்றொன்று. ஒன்றை இன்னொன்றாக உருவகித்து மறைப்பது முதல் வகை. கண்ணுக்குத் தெரியும் இயல்புகளைச் சொல்லி அதைக் கொண்டே துணியவைப்பது இரண்டாவது. சிறு குழந்தைக்கு இரண்டாவதுதான் ஏற்றது. 'வீட்டைச் சுமந்து திரியும் ஊர்சுற்றி' என்றால் மூன்று வயதுக் குழந்தை வீட்டைத் தேடும். 'மெதுவாக நகர்வேன், என் பாதை ஈரமாக இருக்கும், தொட்டால் உள்ளே போய்விடுவேன்' என்றால் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆறு, ஏழு வயதுக்கான அடுத்த புத்தகத்தில் முதல் வகையைக் கையாளுங்கள்.

சொல் துப்பும் படத் துப்பும் ஒரே செய்தியைச் சொல்லக் கூடாது. படம் சுருளைக் காட்டட்டும், வரி ஈரத்தைச் சொல்லட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை குழந்தைக்கு.

விரல்வழி:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். என் மகளுக்குப் பார்வை இல்லை. பழஞ்சுவடி சொன்ன இடத்தில்தான் எங்களுக்குக் கதவு திறக்கிறது. துப்பு சொல்லில் இருந்தால் அவளும் விளையாட்டில் சேர்ந்துவிடுகிறாள். படத்தில் மட்டும் இருந்தால், நான் படத்தை விவரிக்கும்போதே விடையையும் சொல்லிவிட நேர்கிறது. ஆகவே அந்த வரிகளைப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமான சொற்களால் எழுதாதீர்கள். நிறத்தை மட்டும் சொன்னால் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. சத்தம், ஈரம், கனம், நகரும் விதம், தொட்டால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் அது கூடுதல் செல்வம்தானே.

தொட்டுணரும் பதிப்பு செய்ய நினைப்பவர்களுக்கு: படத்தின் வெளிக்கோட்டை மட்டும் மேடாக்கி அச்சிட்டால் பூனையின் வடிவம் விரலுக்குப் பூனையாகத் தெரியாது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு அது ஒரு வளைகோடு, அவ்வளவுதான். ரோமம்போன்ற துணி, வழவழப்பான தகடு, சொரசொரப்பான தாள் என்று தன்மையை வையுங்கள். நத்தைக்கு ஒரு வழுக்கும் பட்டையும் அதன் முடிவில் ஒரு கெட்டியான மேடும் போதும், என் மகள் கண்டுபிடித்துவிடுவாள்.

தூரிகைநுனி:

விரல்வழி, நீங்கள் எழுதியதைப் படித்தபின் இன்னொன்று தோன்றியது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகளும் உண்டு, அந்த வயதில் பெற்றோருக்கே அது தெரிந்திருக்காது. பச்சை இலையில் சிவப்புப் பூச்சி என்று நிறத்தை மட்டும் நம்பிப் புதிர் வைத்தால் அந்தப் பிள்ளைக்கு அங்கே பூச்சியே இல்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் துப்பு தெரிந்தால் நிறம் மாறினாலும் கவலையில்லை.

ஏடுவிரி:

கடைசிப் பக்கத்தில் 'நான் யார்?' என்று கேட்டு ஒரு கண்ணாடித் தகடு ஒட்டலாம் என்று எண்ணியிருந்தேன். குழந்தை தன் முகத்தையே விடையாகப் பார்க்கும். எப்படி இருக்கும்?

இருபிள்ளையம்மா:

கண்ணாடியை எத்தனையோ புத்தகங்களில் பார்த்தாகிவிட்டது. அதைவிட, கடைசிப் பக்கத்தை விடை இல்லாமல் விட்டுவிடுங்களேன். ஒரு துணுக்கு, ஒரு கேள்வி, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பக்கம் இருந்தால் மாதக்கணக்கில் சண்டை நடக்கும், நல்ல சண்டை.

சொல்விளை:

கண்ணாடியில் தெரிவது தான்தான் என்ற அறிவு பெரும்பாலும் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதத்துக்குள் வந்துவிடும், எனவே உங்கள் வயதுக்குப் பிழையில்லை. ஆனால் ஏழு பக்கம் கூர்ந்து பார்த்து ஊகித்த குழந்தைக்குக் கண்ணாடி ஒரு புதிரே அல்ல. நானும் விடையில்லாத பக்கத்துக்கே வாக்களிக்கிறேன்.

மழலைக்கூடம்:

விடையில்லாமல் விடுவதை நான் ஏற்கவில்லை. நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை ஏழு முறை திருப்பி ஏழு முறை விடை பெற்றிருக்கிறது. எட்டாவது முறை திருப்பினால் அட்டை. அது ஏமாற்றப்பட்டதாகத்தான் உணரும். இப்படிச் செய்யலாம்: கடைசிக் கேள்வியின் விடை முந்தைய பக்கங்களில் ஏதோ ஒன்றின் பின்னணியில் இருக்கட்டும். உங்கள் கயிறு, பாம்பு யோசனை இருக்கிறதே, அதில் ஒன்று. விடை புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் தேடித்தான் எடுக்கவேண்டும்.

ஏடுவிரி:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். முடிவு செய்துவிட்டேன். ஏழு புதிர்கள், விடைக்கு விரிந்த இரு பக்கம், துளையும் மடலும் இல்லை. கேள்விப் பக்கத்தில் செய்வதற்கு ஒரு செயலும், பார்வையை நம்பாத ஒரு வரித் துப்பும். விடைப் பக்கத்தின் பின்னணியில் மற்ற இரண்டு நியாயமான ஊகங்கள். 32ஆம் பக்கத்தில் எட்டாவது துணுக்கு, அதன் விடை நத்தைப் பக்கத்தின் பாம்பு. பார்வையற்ற குழந்தைகளுக்கான பதிப்பை இதற்குப் பிறகு தனியாகத் தொடங்குகிறேன். விரல்வழி, அப்போது உங்கள் மகளிடம் சில மாதிரிகளைக் காட்ட அனுமதி கேட்பேன்.

அச்சுமை ஐயா, 32ஆம் பக்கத்தில் படம் வைப்பதில் அச்சுச் சிக்கல் ஏதும் உண்டா?

அச்சுமை:

கெட்டி அட்டை பைண்டிங் என்றால் 32ஆம் பக்கம் உள்அட்டையை எதிர்நோக்கி இருக்கும், அல்லது சில முறைகளில் அதோடு ஒட்டப்பட்டு மறைந்தே போகும். உள்அட்டைத் தாளைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், அப்போது 32 பக்கமும் உங்களுக்கே. சாதாரண அட்டையில் நடுவில் பின் அடித்துத் தைப்பதானால் சிக்கல் இல்லை. எதுவானாலும் முதலில் வெற்றுத் தாளை மடித்து அதே பக்க எண்ணிக்கையில் ஒரு மாதிரி செய்துகொள்ளுங்கள். கேள்வி, விடை என்று பென்சிலால் எழுதி, ஏதாவது ஒரு குழந்தையிடம் கொடுத்துத் திருப்பச் சொல்லுங்கள். சின்ன விரல்கள் இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பும் பழக்கம் உண்டு. அப்படித் திருப்பினால் எந்த விடை எந்தக் கேள்விக்குப் பின் வந்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு, தாளின் கனத்தை முடிவு செய்யலாம்.